வேண்டாத பொருளை வாசலில் வைக்கலாமா?

தை பிறப்பதற்கு முன் வீட்டை ஒழிப்பது நம் வழக்கம். பரணில் இருப்பதெல்லாம் கீழே இறங்கும். "இது நமக்கு வேண்டாம், ஆனால் தூக்கிப்போட மனசில்லை" என்று ஒரு குவியல் சேரும். அந்தக் குவியலைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த முறை சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: எங்கள் வீடு மூன்றாவது மாடியில் இருக்கிறது. மகன் படித்த மேசை, ஒரு புத்தக அலமாரி, ஒரு மிக்சி ஆகியவற்றை மாடிப்படி அருகே வைத்து, யாராவது எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டேன். ஒரு வாரமாகியும் யாரும் தொடவில்லை. குடியிருப்போர் சங்கச் செயலாளர்தான் வந்து சத்தம் போட்டார். நல்ல பொருளைக் கொடுப்பது தப்பா? (வாசகி, மடிப்பாக்கம்)

பதில்: கொடுத்தது தப்பில்லை, வைத்த இடம்தான் தப்பு. மாடிப்படியும் அதன் திருப்பமும் எல்லோருக்கும் பொதுவானவை. மின்கசிவில் தீப்பிடித்தால் இருட்டிலும் புகையிலும் மக்கள் இறங்க வேண்டிய ஒரே வழி அதுதான். அங்கே ஓர் அலமாரி நிற்பது ஆபத்து. செயலாளர் பேசிய தொனி எப்படியோ, சொன்ன விஷயம் சரி.

ஒரு வாரமாக யாரும் தொடாததற்குக் காரணம் பொருள் மோசம் என்பதாக இருக்காது. அது இலவசமா, வீடு மாற்றும்போது தற்காலிகமாக வைத்ததா என்று பார்ப்பவருக்குத் தெரியாது. எடுத்துப் போகும்போது யாராவது கேட்டால் என்ன சொல்வது என்ற கூச்சம் வேறு. இரண்டையும் ஒரு தாள் தீர்த்துவிடும். பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்: "வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம். மேசை உறுதியாக இருக்கிறது, ஒரு இழுப்பறை மட்டும் இறுகும். ஞாயிறு மாலை வரை இருக்கும். 3-ஆம் மாடி." குறையை எழுதுவது முக்கியம். குறையை மறைத்துக் கொடுத்தால், எடுத்தவர் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு அதை வெளியே தள்ளுவார். உங்கள் வீட்டுக் குப்பையை அவர் செலவில் அகற்றியதாகத்தான் ஆகும்.

கீழ்த்தளத்தில் காவலாளி கண்ணில் படுகிற, மழை படாத ஒரு மூலையைச் சங்கத்திடம் கேளுங்கள். மழை படாத இடம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இப்போது வரும் அலமாரிகள் பெரும்பாலும் மரத்தூளை அழுத்திச் செய்தவை. ஒரு நல்ல மழையில் நனைந்தால் ஊதி, திருகு நிற்காமல் போய்விடும். அலமாரியின் நீள அகலத்தையும் தாளில் எழுதுங்கள். கழற்றக்கூடியதாக இருந்தால் கழற்றி, திருகுகளை ஒரு பையில் போட்டுப் பலகையோடு சேர்த்து ஒட்டிவிடுங்கள். படம் எடுத்துக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டால் பெரும்பாலும் பொருள் கீழே இறங்குவதற்கு முன்பே ஆள் வந்துவிடும்.

மிக்சியை அதன் ஜாரோடு கொடுங்கள். அந்த மாடலுக்குப் பொருந்தும் ஜாரைத் தேடி வாங்கவே எடுத்தவருக்குத் தனியாகச் செலவாகும். உங்கள் வீட்டிலேயே ஒரு முறை ஓட்டிக் காட்டிவிட்டால் இன்னும் நல்லது.

சொன்ன நாளுக்குள் போகவில்லையென்றால் திரும்ப எடுத்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. தெருவோரத்துக்குத் தள்ளிவிடாதீர்கள். நடைபாதையில் கிடக்கும் அலமாரி குப்பைதான், அதற்கு மாநகராட்சி அபராதம் போடலாம். பழைய சோபா, கட்டில், மெத்தை போன்றவற்றைச் சனிக்கிழமைகளில் வீட்டுக்கே வந்து எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டைச் சென்னை மாநகராட்சி 2025 அக்டோபரில் தொடங்கியது. 1913 என்ற எண்ணில் கேட்டுப் பதிவு செய்யலாம்.

கேள்வி: வேண்டாததையெல்லாம் எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் அக்காவிடம் கொடுத்துவிடுகிறோம். அவர் எதையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. வாசலில் வைப்பதைவிட இது மேல்தானே? (வாசகர், அம்பத்தூர்)

பதில்: அவர் வேண்டாம் என்று சொன்னால் நீங்கள் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்பது அவருக்குத் தெரியுமா? சம்பளம் கொடுக்கும் கை ஒன்றை நீட்டும்போது மறுப்பது எளிதல்ல. ஓடாத டேபிள் ஃபேனும் கைப்பிடி இல்லாத குக்கரும் அவருடைய ஒற்றை அறையில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கலாம்.

முதலில் கேளுங்கள், அதுவும் பொருளைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்காதீர்கள். "இதெல்லாம் கொடுக்கப் போகிறோம் அக்கா, உங்களுக்கு உபயோகப்படுவது ஏதாவது இருந்தால் முதலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், மீதியைக் கீழே வைக்கிறோம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். பெரிய பொருளை அவர் எடுத்தால் ஆட்டோ கூலியையும் நீங்களே கொடுங்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கொடுக்க வேண்டியதில் இதைக் கழிக்கவே கூடாது. பழைய பொருளைக் கொடுத்துவிட்டு போனஸைக் குறைப்பவர்களைப் பற்றியும் கடிதங்கள் வருகின்றன. படிக்கும்போது வருத்தமாக இருக்கிறது.

கேள்வி: பழைய வாஷிங் மெஷின் ஓடுகிறது, ஆனால் சத்தம் அதிகம். கடையில் எக்ஸ்சேஞ்சுக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார்கள். அதற்குக் கொடுப்பதா, வாசலில் வைப்பதா, காயலான் கடைக்குப் போடுவதா? (வாசகர், ஈரோடு)

பதில்: கடையில் முதலில் எக்ஸ்சேஞ்ச் என்ற பேச்சையே எடுக்காதீர்கள். புது மெஷினுக்குக் கடைசி விலை என்ன என்று பேசி முடியுங்கள். அதன்பிறகு பழையதற்கு எவ்வளவு கழிப்பீர்கள் என்று கேளுங்கள். விலையை ஏற்றிச் சொல்லிவிட்டு, பழையதற்குக் கழிப்பதாகக் காட்டும் கடைகள் உண்டு. இந்த வரிசையில் கேட்டால் பழைய மெஷினுக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது என்று தெரிந்துவிடும். கிடைப்பது அற்பத் தொகை என்றால், தேவைப்படும் ஒரு குடும்பத்துக்குக் கொடுப்பதுதான் என் விருப்பம். சத்தம் எதனால் என்று மெக்கானிக்கிடம் கேட்டுச் சொல்லிக் கொடுங்கள். பேரிங் தேய்ந்திருந்தால் அதை மாற்றும் செலவு என்ன என்பது எடுப்பவருக்குத் தெரிய வேண்டும்.

வாஷிங் மெஷினை வாசலில் வைத்து விடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். மழை நீர் இறங்கிய பிறகு யாராவது பிளக்கைச் செருகினால் ஷாக் அடிக்கும். பிரிட்ஜ் என்றால் இன்னும் கவனம் வேண்டும். சின்னக் குழந்தைகள் விளையாட்டாக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் மூச்சுத் திணறிவிடும். வெளியே வைத்தே ஆகவேண்டும் என்றால் கதவைக் கழற்றிவிட்டு வையுங்கள்.

ஓடவே ஓடாத பொருளுக்கு வேறு வழி இருக்கிறது. பின்பக்க லேபிளைப் பாருங்கள். சக்கரம் வைத்த குப்பைத் தொட்டியும் அதன் குறுக்கே அடித்த கோடும் இருக்கும். சாதாரணக் குப்பையோடு போடாதே என்பது அதன் பொருள். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகளின்படி, விற்ற பொருளின் கழிவைப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளர்கள் மூலம் கையாளும் பொறுப்பு தயாரித்த நிறுவனத்துக்கு உண்டு. நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணில் கேட்டால் எங்கே கொடுப்பது என்று சொல்வார்கள். காயலான் கடைக்குப் போனால் செம்புக்காக வயரைக் கொளுத்துவார்கள், பிரிட்ஜ் என்றால் கேஸை அப்படியே காற்றில் விடுவார்கள். அந்தப் புகையைச் சுவாசிப்பவர் அங்கே வேலை செய்யும் தொழிலாளி.

இன்வெர்ட்டர் பேட்டரியை மட்டும் எந்தக் காரணம் கொண்டும் வெளியே வைக்காதீர்கள். உள்ளே இருப்பது கந்தக அமிலம். பேட்டரி கடைக்காரர் ஈயத்துக்காகப் பணம் கொடுத்தே எடுத்துக்கொள்வார்.

கேள்வி: கேஸ் அடுப்பு, சிலிண்டர், ரெகுலேட்டர் எல்லாவற்றையும் அப்படியே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு ஊர் மாறலாமா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: அடுப்பைக் கொடுக்கலாம். சிலிண்டரும் ரெகுலேட்டரும் உங்களுடையவை அல்ல, எண்ணெய் நிறுவனத்துடையவை. நீங்கள் கட்டியது வைப்புத்தொகைதான். இணைப்பு எடுத்தபோது கொடுத்த ரசீதோடு ஏஜென்சியில் ஒப்படைத்தால் அந்தத் தொகை திரும்பக் கிடைக்கும். பழைய ரப்பர் டியூபை அடுப்போடு கொடுக்காதீர்கள். அதன் ஆயுள் 5 ஆண்டுதான். எடுப்பவர் ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள புது டியூப் வாங்கிக்கொள்ளட்டும்.

கேள்வி: எதிர்வீட்டு வாசலில் ஒரு தேக்கு நாற்காலி இரண்டு நாளாகக் கிடந்தது. வேண்டாம் என்று போட்டதாக நினைத்து எடுத்து வந்துவிட்டேன். இப்போது "பாலிஷ் போட வைத்திருந்தேன், திருடிவிட்டாய்" என்கிறார். வழக்கு வருமா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: நாற்காலியைத் திருப்பிக் கொடுங்கள், இன்றைக்கே. திருட்டு என்றால் நேர்மையற்ற நோக்கம் இருக்க வேண்டும். வேண்டாம் என்று விட்டது என உண்மையாக நம்பி எடுத்தவருக்கு அந்த நோக்கம் இல்லை. ஆனால் உரிமையாளர் யார் என்று தெரிந்த பிறகும் வைத்துக்கொண்டால் கதை மாறும். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 314-ஆம் பிரிவு, பிறர் பொருளை நேர்மையற்று தனதாக்கிக்கொள்வதைக் குற்றமாக்குகிறது. நெடுஞ்சாலையில் கிடந்த ஒரு ரூபாயை, யாருடையது என்று தெரியாமல் எடுப்பவன் குற்றம் செய்யவில்லை என்று அந்தப் பிரிவிலேயே உதாரணம் இருக்கிறது. உங்கள் நாற்காலி நெடுஞ்சாலையில் கிடக்கவில்லை, ஒருவர் வாசலில் இருந்தது. கதவைத் தட்டிக் கேட்டிருக்கலாம். தாள் ஒட்டாத பொருளைக் கேட்காமல் எடுக்க வேண்டாம்.

கேள்வி: அப்படி வைத்த கட்டில், மெத்தை, குழந்தைத் தொட்டில், பழைய செல்போன் இவற்றை எடுத்துப் பயன்படுத்தலாமா? (வாசகி, ஆவடி)

பதில்: கட்டிலை எடுக்கலாம், பார்த்து எடுங்கள். மரச் சட்டம் சேரும் மூலைகளிலும் திருகு ஓட்டைகளிலும் டார்ச் அடியுங்கள். மிளகைப் பொடித்துத் தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் மூட்டைப்பூச்சி இருக்கிறது, விட்டுவிடுங்கள். இரத்தம் கிடைக்காமலே அது மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். மெத்தையை, தெரிந்தவர் வீட்டிலிருந்து வந்தாலொழிய, எடுக்காதீர்கள். மேலே வெயில் காட்டினாலும் உள்ளே சூடு ஏறாது.

தொட்டிலின் கம்பிகளுக்கு இடையே குழந்தையின் தலை நுழையும் இடைவெளி இருந்தால் வேண்டாம். பெயின்ட் உரிந்திருந்தாலும் வேண்டாம், குழந்தை அதைக் கடிக்கும். ஹெல்மெட் வேண்டவே வேண்டாம். ஒரு முறை விழுந்து அடிபட்டிருந்தால் உள்ளே இருக்கும் தெர்மாகோல் நசுங்கியிருக்கும், அது வெளியே தெரியாது.

செல்போனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். *#06# அழுத்தினால் 15 இலக்க எண் வரும். கே.ஒய்.எம். என்ற மூன்று ஆங்கில எழுத்துகள், ஓர் இடைவெளி, அந்த எண் என்று 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அது முடக்கப்பட்ட போனா என்று பதில் வரும். களவுபோனதாகப் பதிவான போனைத் தெரியாமல் வைத்திருந்தால் காவல் நிலையத்துக்கு நீங்கள்தான் அலைய வேண்டியிருக்கும். கொடுப்பவர்களுக்கும் ஒன்று. சிம், மெமரி கார்டு இரண்டையும் எடுங்கள். முதலில் கூகுள் கணக்கை நீக்கி, அப்புறம் முழுவதும் அழியுங்கள். கணக்கை நீக்காமல் அழித்தால் எடுத்தவரிடம் பழைய கடவுச்சொல்லைக் கேட்டுப் பூட்டிக்கொள்ளும். செல்போனை வாசலில் வைக்காமல் கையில் கொடுங்கள், யாருக்குக் கொடுத்தோம் என்று எழுதி வையுங்கள்.

கேள்வி: துணிகளை எங்கே வைப்பது? எங்கள் தெருவில் யாரும் எடுப்பதில்லை. (வாசகர், திருநெல்வேலி)

பதில்: உங்கள் ஊரில்தான் 2017-ல் ஆட்சியர் அலுவலகம் அருகே, வேண்டாததை வைத்துவிட்டுப் போகவும் தேவைப்படுபவர் எடுத்துக்கொள்ளவும் "அன்புச் சுவர்" தொடங்கினார்கள். இரானின் மஷ்ஹத் நகரில் 2015-ல் ஒரு சுவரில் ஆணி அடித்துக் குளிர்காலத் துணி மாட்டியதிலிருந்து பரவிய யோசனை அது. இப்படிப்பட்ட இடங்களைக் கெடுப்பது கிழிந்த, துவைக்காத துணிதான். துவைத்து, மடித்து, அளவை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வையுங்கள். கிழிந்த பருத்தித் துணி மெக்கானிக் கடைக்குப் பயன்படும், கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.

கேள்வி: பழைய சாமி படங்களை அரச மரத்தடியில் வைக்கிறோம். அது சரிதானே? (வாசகி, விருத்தாசலம்)

பதில்: உங்கள் மனசு புரிகிறது. ஆனால் காற்றில் சாய்ந்து உடைந்த கண்ணாடியைப் பொறுக்குபவர் தூய்மைப் பணியாளர், பல நேரம் வெறுங்கையோடு. சட்டத்தைப் பிரித்து, கண்ணாடியைத் தாளில் சுற்றி "கண்ணாடி" என்று எழுதி அவர் கையிலேயே கொடுங்கள். படத்தாளை உங்கள் மனதுக்கு ஒப்பும் விதத்தில் வீட்டுத் தொட்டி மண்ணில் புதைக்கலாம். மண் விளக்கு, கிண்ணம், பூந்தொட்டி எதையும் மரத்தடியில் நிமிர்த்தி வைக்காதீர்கள். மழைத் தண்ணீர் தேங்கினால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு ஒரு வாரம் பத்து நாளில் முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாகிவிடும். கவிழ்த்து வையுங்கள்.