ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று வருகிறது: புரொசீஜர் கோல் எந்த இடத்தில் நிற்கிறது?

கேள்வி: வணக்கம் அக்கா. நிலாவெளியில் ஒரு சிறிய விடுதியில் கணக்கு வேலையோடு கணினி வேலையையும் நான்தான் பார்க்கிறேன். அறைப் பதிவு மென்பொருள் பிஎச்பியில் எழுதியது. எழுதித் தந்தவர் இப்போது வெளிநாட்டில். வரவேற்பறையில் இருந்த பழைய விண்டோஸ் கணினியில் மைஎஸ்கியூஎல் 5.7 தரவுத்தளம் ஓடியது. போன கிழமை எல்லாவற்றையும் ஒரு லினக்ஸ் சேர்வருக்கு, மைஎஸ்கியூஎல் 8.0க்கு மாற்றினேன். அட்டவணைகள் ஒழுங்காக வந்துவிட்டன. ஆனால் அறை ஒதுக்கும் புரொசீஜரை, அதாவது தரவுத்தளத்துக்குள்ளேயே சேமித்து வைத்த கட்டளைத் தொகுப்பை, கோல் (call) கட்டளையால் கூப்பிட்டால் 1305 என்ற பிழை வந்தது. பழைய கணினியில் இருந்து அதன் உரையை எடுத்துப் போட்டேன், 1449 வந்தது. அது கேட்ட பெயரில் ஒரு பயனரை உருவாக்கி எல்லா உரிமையும் கொடுத்தேன், இப்போது 1267 வருகிறது. சீசன் தொடங்கப் போகிறது. பழையபடியே மாற்றி விடவா?

பதில்: தம்பி, மாற்ற வேண்டாம். ஒன்றைத் திருத்த இன்னொன்று வருவதைப் பார்த்து, நிலைமை மோசமாகிக்கொண்டு போகிறது என்று நினைக்கிறீர்கள். உண்மையில் உங்கள் கோல் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுதல் தூரம் போயிருக்கிறது.

மூதூர் பஸ்சில் ஏறிய ஆள் வந்து சேரவில்லை என்றால் 'எந்த இடத்தில் நிற்கிறீர்கள்?' என்றுதானே முதலில் கேட்போம். சீனக்குடாவில் நிற்பவருக்குச் சொல்லும் வழி வேறு, கிண்ணியாப் பாலம் தாண்டியவருக்குச் சொல்லும் வழி வேறு. புரொசீஜர் கோலும் அப்படித்தான். அப்படி ஒன்று இருக்கிறதா, கூப்பிட உங்களுக்கு உரிமை இருக்கிறதா, கொடுத்த மதிப்புகள் பொருந்துகின்றனவா, உள்ளே இருக்கும் கட்டளைகள் ஓடுகின்றனவா, முடிவு ஒழுங்காகத் திரும்பி வருகிறதா என்று வரிசையாகத் தாண்ட வேண்டும். பிழை எண் அது நின்ற இடத்தைச் சொல்கிறது. 1305 முதல் இடம். 1267 வந்துவிட்டது என்றால் நீங்கள் ஏற்கனவே உள்ளே போய்விட்டீர்கள்.

முதலில் 1305. தரவுத்தளத்தை ஒரு கோப்பாக எடுக்கும் மைஎஸ்கியூஎல் டம்ப் கட்டளை வழக்கமாக அட்டவணைகளையும், அவை மாறும்போது தானாக ஓடும் டிரிகர்களையும் எடுக்கும். புரொசீஜர், ஒரு மதிப்பைத் திருப்பித் தரும் பங்ஷன், குறித்த நேரத்தில் ஓடும் ஈவென்ட் இவற்றைத் தானாக எடுக்காது. ரூட்டீன்ஸ் (புரொசீஜரும் பங்ஷனும்), ஈவென்ட்ஸ் என்ற இரண்டு தெரிவுகளையும் நாம்தான் சேர்க்க வேண்டும். உங்களுக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்கும். நீங்கள் கையால் எடுத்துப் போட்டது ஒன்றை மட்டும். மற்றவை இன்னும் பழைய கணினியிலேயே இருக்கலாம், பில் போடும்போதோ மாதக் கணக்கு எடுக்கும்போதோ ஒவ்வொன்றாகத் தெரியவரும். அதனால் இன்றைக்கே இரண்டு பக்கத்திலும், சேர்வர் தன் விபரங்களை வைத்திருக்கும் இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவில் உள்ள ரூட்டீன்ஸ் அட்டவணையைப் பார்த்து, பெயர்ப் பட்டியலை ஒப்பிடுங்கள். குறைந்தால் டம்பைத் திரும்ப எடுங்கள். விண்டோஸ் பவர்ஷெல்லில் எடுப்பதானால் வெளியீட்டை அம்புக்குறியால் கோப்புக்குத் திருப்ப வேண்டாம். அது யூடிஎஃப் 16இல் சேமித்துவிடும், பிறகு மைஎஸ்கியூஎல் அதை ஏற்காது. ரிசல்ட் ஃபைல் என்ற தெரிவைப் பாவியுங்கள்.

அந்தக் கோப்பை 8.0இல் ஏற்றும்போது 1231 என்று ஒரு பிழை வந்தால் பயப்பட வேண்டாம். 5.7 தன் ஒவ்வொரு ரூட்டீனோடும் அது உருவான நேரத்து எஸ்கியூஎல் மோடையும் (சேர்வர் பின்பற்றும் விதிகளின் பட்டியலையும்) எழுதி வைக்கும். அதில் நோ ஆட்டோ கிரியேட் யூசர் என்று ஒரு சொல் இருக்கும். 8.0இல் அந்த மோடையே எடுத்துவிட்டார்கள். கோப்பில் அந்தச் சொல்லை மட்டும் நீக்கிவிட்டு, யூடிஎஃப் 8 ஆகவே சேமித்துத் திரும்ப ஏற்றினால் போகும்.

எல்லா 1305உம் 'தொலைந்து போனது' என்ற அர்த்தமல்ல. செய்தியில் புள்ளிக்கு முன்னால் எந்தத் தரவுத்தளத்தின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். புரொசீஜர் ஒரு தரவுத்தளத்துக்குள் வாழ்வது. இணைப்பு வேறு தரவுத்தளத்தில் இருந்தால் அங்கேதான் தேடும். அப்புறம் செய்தியின் முதல் சொல். பங்ஷனை கோல் என்று கூப்பிட்டால் சேர்வர் அந்தப் பெயரில் புரொசீஜர் இல்லை என்று சொல்லும். புரொசீஜரை செலக்டுக்குள் போட்டால் பங்ஷன் இல்லை என்று சொல்லும். இரண்டும் உண்மைதான், ஏனென்றால் மைஎஸ்கியூஎல் இரண்டையும் தனித்தனிப் பட்டியலாக வைத்திருக்கிறது.

விண்டோஸில் இருந்து லினக்ஸுக்கு வந்தவர்களுக்கு இன்னொரு பொறி உண்டு, அதன் எண் 1146, அட்டவணை இல்லை என்பது. விண்டோஸில் மைஎஸ்கியூஎல் அட்டவணைப் பெயர்களைச் சிறிய எழுத்தாக மாற்றித்தான் சேமிக்கும். ஆனால் புரொசீஜரின் உடலை எழுதியவர் எழுதியபடியே வைத்திருக்கும். அவர் பெரிய எழுத்தில் தொடங்கியிருந்தால் அங்கே ஓடும், லினக்ஸில் அது வேறு அட்டவணை. ரூட்டீன் பெயருக்கும் அட்டவணையின் நிரல் (column) பெயருக்கும் இந்தத் தொல்லை இல்லை, அட்டவணைக்கும் தரவுத்தளப் பெயருக்கும்தான். புரொசீஜரின் உரையில் பெயர்களைத் திருத்திவிடுங்கள்.

இனி 1449. இதில்தான் நீங்கள் செய்ததை நான் ஏற்க மாட்டேன். ஒரு புரொசீஜர் வழக்கமாக, கூப்பிட்டவரின் உரிமையில் ஓடுவதில்லை. அதை உருவாக்கியவரின், அதாவது டெஃபைனரின் உரிமையில் ஓடுகிறது. பழைய கணினியில் இருந்த அந்தப் பயனர் புதியதில் இல்லை, அதனால் 1449. நீங்கள் அதே பெயரில் ஆளை உருவாக்கி எல்லா உரிமையும் கொடுத்ததால், அந்தப் புரொசீஜரைக் கூப்பிட முடிந்த எவரும் அந்த நேரத்துக்கு முழு உரிமைக்காரர் ஆகிறார். உள்ளே எழுத்துகளை ஒட்டி வினவல் செய்யும் வரி ஒன்று இருந்துவிட்டால், பதிவுப் படிவத்தில் எழுதும் யாரோ ஒருவர் விருந்தினர்களின் கடவுச்சீட்டு விபரம் முழுவதையும் எடுக்கலாம், அழிக்கலாம். விடுதி நடத்துபவர்களை நம்பித்தானே ஆட்கள் அந்த விபரத்தைத் தருகிறார்கள்.

சரியான வழி இதுதான். இந்தத் தரவுத்தளத்தில் மட்டும் வாசிக்கவும் சேர்க்கவும் மாற்றவும் ரூட்டீனை ஓட்டவும் தேவையான உரிமையோடு ஒரு தனிக் கணக்கை உருவாக்குங்கள். புரொசீஜர் உரையில் டெஃபைனர் என்ற இடத்தில் அந்தக் கணக்கைப் போட்டு, பழையதை ட்ராப் செய்து (அழித்து), ரூட் என்ற தலைமைக் கணக்கில் இருந்து புதிதாக உருவாக்குங்கள். ஆல்ட்டர் புரொசீஜர் டெஃபைனரை மாற்றாது, அதில் நேரத்தை விட வேண்டாம். பயனர் பெயரோடு எந்தக் கணினியில் இருந்து வருகிறார் என்ற பகுதியும் சேர்ந்ததுதான் ஒரு கணக்கு. லோக்கல்ஹோஸ்டில் உள்ள ரூட்டும் எந்த இடத்துக்கும் உரிய ரூட்டும் சேர்வருக்கு இரண்டு ஆட்கள். டிரிகருக்கும் வியூவுக்கும் (பெயர் வைத்துச் சேமித்த வினவலுக்கும்) கூட டெஃபைனர் உண்டு என்பதால், புரொசீஜரைத் திருத்திய பிறகும் 1449 வந்தால் அது தொடும் அட்டவணையின் டிரிகரைப் பாருங்கள்.

இது முடிந்ததும் பிஎச்பி பாவிக்கும் கணக்குக்கு 1370 வரலாம். அதற்கு அந்தப் புரொசீஜரை ஓட்டும் எக்ஸிகியூட் உரிமை மட்டும் கொடுத்தால் போதும். பிறகு நீங்கள் உருவாக்கிய அந்த முழு உரிமைக் கணக்கை அழித்துவிடுங்கள்.

இப்போது நீங்கள் நிற்கும் இடம், 1267. எழுத்துகளை ஒப்பிடும் விதிக்குக் கொலேஷன் என்று பெயர். பழைய அட்டவணைகள் ஒரு விதியோடு வந்திருக்கின்றன. 8.0இல் புதிதாக உருவாக்கும் தரவுத்தளம் இயல்பாக எடுப்பது 0900 என்று பெயர் கொண்ட வேறு விதி. புரொசீஜரின் பராமீட்டருக்கு, அதாவது கூப்பிடும்போது கொடுக்கும் மதிப்பை அது வாங்கும் இடத்துக்கு, நீங்கள் விதி எதுவும் சொல்லாவிட்டால், உருவாக்கும் நேரத்தில் தரவுத்தளத்துக்கு என்ன இயல்போ அதை எடுத்துக்கொள்ளும். பெயர் நிரல் ஒரு விதியைச் சொல்கிறது, பராமீட்டர் இன்னொன்றைச் சொல்கிறது, இரண்டுக்கும் சம மரியாதை. எதைப் பின்பற்றுவது என்று சேர்வரால் முடிவெடுக்க ஏலாது, அதனால் நின்றுவிடுகிறது.

அதே வினவலை வெளியே எடுத்து, பெயரை மேற்கோளுக்குள் போட்டு ஓட்டினால் சரியாக வேலை செய்யும். பலர் குழம்புவது இங்கேதான். நேரடியாக எழுதிய சொல் நிரலின் விதிக்கு இணங்கிப் போகும், பராமீட்டர் இணங்காது. ஆகவே வெளியே ஓடுகிறது என்பதை வைத்து புரொசீஜரில் பிழை இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம்.

சீசனுக்கு முன் செய்யக்கூடிய சின்ன வேலை: ஆல்ட்டர் டேட்டாபேஸ் கட்டளையால் தரவுத்தளத்தின் இயல்புக் கொலேஷனை அட்டவணைகளில் இருப்பதற்கே மாற்றுங்கள். பிறகு எல்லா ரூட்டீன்களையும் ட்ராப் செய்து திரும்ப உருவாக்குங்கள். இந்த இரண்டாவது படியை விட்டால் ஒன்றும் மாறாது, ஏனென்றால் பராமீட்டர் தான் பிறந்த நேரத்து விதியைத்தான் வைத்திருக்கும். அட்டவணைகளைப் புதிய விதிக்கு மாற்றும் பெரிய வேலையை ஒக்டோபருக்குப் பிறகு, ஒரு பிரதியில் முதலில் செய்து பார்த்துவிட்டுச் செய்யலாம்.

இதோடு சேர்ந்த தமிழ்ப் பிரச்சினை ஒன்றையும் சொல்ல வேண்டும். 5.7இன் இயல்பு எழுத்துத் தொகுதி லத்தீன்1. அட்டவணையில் தமிழ் சரியாக இருந்தாலும், லத்தீன்1 தரவுத்தளத்தில் உருவான புரொசீஜரின் பராமீட்டரால் தமிழைத் தாங்க முடியாது. 1366 வரும், அல்லது பொருந்தாத மதிப்பை மறுக்கும் ஸ்ட்ரிக்ட் மோட் இல்லாத இடத்தில் பெயருக்குப் பதிலாகக் கேள்விக்குறிகள் பதிவாகும். அடுத்தது நீளம். நீள வரம்பாக வார்சார் 20 என்று எழுதினால் அது நம் கண்ணுக்குத் தெரியும் 20 எழுத்துகள் அல்ல. 'திருகோணமலை' நமக்கு 6 எழுத்து, சேர்வருக்கு 10. தி என்பதில் த என்ற எழுத்தும் அதன் விசிறியும் தனித்தனியாக எண்ணப்படும், ரு, கோ, லை எல்லாம் அப்படித்தான். ஆங்கிலப் பெயரை மனதில் வைத்துக் கொடுத்த நீளத்தில் தமிழ்ப் பெயர் அடங்காமல் 1406 வருவது இதனால்தான். பெயருக்கும் முகவரிக்கும் உள்ள பராமீட்டர்களைத் தாராளமாக வையுங்கள், குறைந்தது நிரலின் நீளத்துக்காவது.

1318 வந்தால் மதிப்புகளின் எண்ணிக்கை பிழை. மைஎஸ்கியூஎல்லில் பராமீட்டருக்கு இயல்பு மதிப்பு கொடுக்க வழியில்லை, எல்லாவற்றையும் அனுப்பியே ஆக வேண்டும். 1414 என்றால் விடையை வெளியே தரும் அவுட் பராமீட்டர் இருக்கும் இடத்தில் மாறிக்குப் பதிலாக நேரடி மதிப்பைக் கொடுத்திருக்கிறீர்கள்.

1172 பற்றிக் கொஞ்சம் நின்று சொல்கிறேன். ஒரு வரியை எதிர்பார்த்து செலக்ட் இன்டூ போட்ட இடத்தில் பல வரிகள் வந்துவிட்டன என்று அர்த்தம். இணையத்தில் தேடினால் லிமிட் 1 போடச் சொல்வார்கள், பிழையும் மறையும். ஆனால் உங்கள் மென்பொருளில் ஒரு அறைக்கு ஒரு நாளில் இரண்டு வரி வந்தால், இரண்டு குடும்பத்துக்கு ஒரே அறை கொடுக்கப்பட்டிருக்கிறது. அந்த இரண்டு வரிகளையும் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் புரொசீஜரைத் தொட வேண்டும்.

எல்லாம் ஓடி முடிந்து, அதற்கடுத்த வினவலில் 2014 வந்தால் குற்றம் பிஎச்பி பக்கத்தில். கோல் எப்போதும் தன் விடைகளுக்குப் பின்னால் நிலையைச் சொல்லும் ஒரு முடிவையும் சேர்த்து அனுப்பும். அதை எடுக்காமல் அடுத்த வினவலை அனுப்பினால் சேர்வரும் பிஎச்பியும் ஒத்துப்போகாது. பிஎச்பி தரவுத்தளத்தோடு பேச மைஎஸ்கியூஎல்ஐ பாவித்தால் நெக்ஸ்ட் ரிசல்டை முடியும்வரை சுழற்றி எடுங்கள், பிடிஓ என்றால் குளோஸ் கர்சர்.

பில் கணக்கிடும் பங்ஷனை 8.0இல் உருவாக்கும்போது 1418 வந்தால், மாற்றங்களைப் பதிந்து வைக்கும் பைனரி லாக் 8.0இல் இயல்பாகவே ஓடுவதுதான் காரணம். பங்ஷன் தரவை வாசிக்க மட்டும் செய்தால் ரீட்ஸ் எஸ்கியூஎல் டேட்டா என்று உள்ளபடியே அறிவியுங்கள். சேர்வர் அதைச் சரிபார்க்காது, ஆகவே உண்மையை எழுதும் பொறுப்பு உங்களுடையது.

போஸ்ட்கிரெஸ் என்ற வேறு தரவுத்தளத்தைப் பாவிக்கும் வாசகர்களுக்கும் ஒரு சொல். அங்கே பங்ஷன் இல்லை என்ற செய்தி பெரும்பாலும் பெயரைப் பற்றியது அல்ல, மதிப்புகளின் வகையைப் பற்றியது. அடைப்புக்குறிக்குள் அது காட்டும் வகைகளை உங்கள் பங்ஷனோடு ஒப்பிட்டு, தேவையான இடத்தில் வகையை மாற்றிக் கொடுங்கள். கோலில் கூப்பிடும் புரொசீஜர் அங்கே 2018இல் வந்த 11ஆம் பதிப்பில்தான் சேர்ந்தது. அதற்கு முன் எழுதியவை எல்லாம் பங்ஷன், செலக்டில்தான் கூப்பிட வேண்டும்.

தம்பி, பிழையே காட்டாத ஒன்றும் இருக்கிறது, எனக்கு மிகவும் பயமானது அதுதான். பல வருடங்களுக்கு முன் ஒரு சங்கத்துக்காக நான் எழுதிய புரொசீஜரில் பராமீட்டருக்கும் நிரலுக்கும் ஐடி என்று ஒரே பெயரை வைத்தேன். ஐடி சமன் ஐடி என்று நிபந்தனை. மைஎஸ்கியூஎல்லில் இப்படி வந்தால் இரண்டையும் பராமீட்டராகவே எடுக்கும், அது தனக்குத் தானே எப்போதும் சமன். ஒருவரின் முகவரியை மாற்றப் போய் எல்லா உறுப்பினருக்கும் ஒரே முகவரி ஆகிவிட்டது. சிவப்பு எழுத்தில் ஒரு சொல் கூட வரவில்லை. முதல் நாள் எடுத்த பிரதி இருந்ததால் அழுகையோடு மீட்டேன். அன்றிலிருந்து என் பராமீட்டர்கள் எல்லாம் பி என்ற எழுத்தும் அடிக்கோடும் போட்டுத்தான் தொடங்கும்.

உங்கள் ரூட்டீன்களை எப்படியும் திரும்ப உருவாக்கப் போகிறீர்கள். அந்த நேரத்திலேயே ஒவ்வொன்றின் உரையிலும் அப்டேட், டிலீட் வரிகளைத் தேடி, நிபந்தனையின் இரண்டு பக்கமும் ஒரே பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பிழை வந்தாலும் தொடர்ந்து ஓடவிடும் கன்டினியூ ஹேண்ட்லர் ஒன்று எல்லாப் பிழைகளையும் விழுங்கிக்கொண்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அதை எக்ஸிட் ஹேண்ட்லராக மாற்றி, உள்ளே, செய்த மாற்றங்களை விலக்கும் ரோல்பேக்குக்குப் பிறகு, பிழையைத் திரும்ப எழுப்பும் ரிசிக்னல் போடுங்கள், பிழை உங்கள் கண்ணுக்கு வரும். இவ்வளவும் செய்த பிறகு ஏதாவது எண் வந்தால், எண்ணை மட்டும் எழுதாமல் முழுச் செய்தியையும் அப்படியே பிரதி எடுத்து, புரொசீஜரின் உரையோடு அனுப்புங்கள்.