பாஸ்போர்ட் கொடுத்த பிறகும் சுற்றுலாக் கப்பலின் ஆன்லைன் செக்-இன்னில் செல்ஃபி எதற்கு?

இரண்டும் வேறு வேலைக்கு. பாஸ்போர்ட் பக்கம் ஆவணச் சரிபார்ப்புக்கு. செல்ஃபி கப்பல் வாசலுக்கு: வழியில் இறங்கி ஊர் சுற்றிவிட்டுத் திரும்பும்போது அறை அட்டையை ஸ்கேன் செய்ததும் காவலரின் திரையில் வருவது அந்த முகம்தான். அதனால் கல்யாண ஆல்பத்துப் படமெல்லாம் வேண்டாம், இன்றைய முகம் போதும். கூலிங் கிளாஸ், தொப்பி கூடாது. பின்னால் வெறும் சுவர், எதிரே ஜன்னல் வெளிச்சம். ராயல் கரீபியன் நிறுவனத்தின் கப்பல் என்றால் அவர்கள் ஆப்பிலேயே எடுத்துவிடலாம்.

பாஸ்போர்ட் படத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். பக்கத்தின் அடியில் << குறிகளோடு இரண்டு வரிகள் இருக்கும். அதில் விரல் மறைத்தாலோ ஃபிளாஷ் பட்டாலோ இயந்திரத்தால் படிக்க முடியாது.

சரி, செல்ஃபி ஏறவே இல்லையா? பதற வேண்டாம், முனையத்தில் கவுண்டரிலேயே எடுத்துக்கொள்வார்கள். கொஞ்சம் கூடுதலாக நிற்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.