சமைப்பவருக்குப் பெயர் கிடைக்குமா?

கேள்வி: நாங்கள் மூன்று தோழிகள் சேர்ந்து வீட்டிலேயே பலகாரம் செய்து விற்கிறோம். சமையல் என் பொறுப்பு. ஒருத்தி ஆர்டர் பிடிக்கிறாள், இன்னொருத்தி கணக்கு பார்க்கிறாள். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. "பேசக் கத்துக்கோ, இல்லாட்டி உன்னை ஓரங்கட்டிடுவாங்க" என்கிறார் கணவர். அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் சேர்ந்து நடத்திய பேருந்துப் போராட்டம் பற்றி மகள் படித்துக் காட்டினாள். அதிலும் ரோசா பார்க்ஸ் பெயர்தானே நிற்கிறது? மற்றவர்கள் எங்கே போனார்கள்?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: அன்புச் சகோதரிக்கு,

ரோசா பார்க்ஸும் மேடைப் பேச்சாளர் இல்லை. அலபாமா மாநிலத்தின் மான்ட்கோமரி நகரில், ஒரு டிபார்ட்மென்ட் ஸ்டோரில் தையல் வேலை பார்த்தவர். 1955 டிசம்பர் 1 அன்று, பேருந்தில் வெள்ளையருக்கு இடம்விட மறுத்துக் கைதானார். அன்றிரவே ஜோ ஆன் ராபின்சன் என்ற ஆங்கிலப் பேராசிரியை தன் கல்லூரியின் சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் விடிய விடியப் பல்லாயிரம் துண்டறிக்கைகள் அடித்தார். பேருந்தில் ஏறாதீர்கள் என்பதுதான் செய்தி. அவர் தலைமையில் இருந்த பெண்கள் அமைப்பு முன்பே தயாராக இருந்ததால் மறுநாளே அவை ஊரெங்கும் போய்ச் சேர்ந்தன. பேருந்தில் நிறப் பிரிவினை செல்லாது என்று தீர்ப்பு வாங்கித் தந்த வழக்கில் நின்றவர்களும் வேறு பெண்கள்தான். ஆரேலியா பிரவுடர் பெயரில் நடந்தது அந்த வழக்கு.

ஆனால் உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஜார்ஜியா கில்மோரைப் பற்றி. அவர் உணவகச் சமையல்காரர். போராட்டம் 381 நாள் நீடித்தது. ஜனங்கள் நடந்தார்கள், கார்களில் சேர்ந்து போனார்கள். கார் ஓட பெட்ரோல் வேண்டுமே? கில்மோரும் தோழிகளும் தங்களுக்குள் 14 டாலர் திரட்டி, கோழி, ரொட்டி, லெட்டூஸ் கீரை வாங்கி சாண்ட்விச் செய்து போராட்டக் கூட்டத்தில் விற்றார்கள். அப்புறம் கேக், 'பை' (pie) என்ற பலகாரம் என்று வளர்ந்தது. வாராவாரம் கூட்டத்தில் எழுந்து வசூலை அறிவிப்பார் கில்மோர். ஊரின் இன்னொரு பக்கத்துப் பெண்கள் போட்டிக்கு ஒரு குழு ஆரம்பித்து, யார் வசூல் அதிகம் என்று மல்லுக்கு நின்றதுதான் வேடிக்கை. வசூல் கூடியதே, நல்லதுதான்!

கில்மோரின் குழுவுக்கு 'கிளப் ஃப்ரம் நோவேர்' என்று பெயர், ஊர்பேர் இல்லாத சங்கம். சமைத்துக் கொடுத்தவர்களில் பலர் வெள்ளையர் வீடுகளில் வேலை செய்தவர்கள். பெயர் வெளியே தெரிந்தால் வேலை போய்விடும். யார் சமைத்தார்கள், யார் வாங்கினார்கள் என்பது கில்மோருக்கு மட்டுமே தெரியும். கேட்டால், பணம் எங்கிருந்தும் வரவில்லை!

அவர்கள் பெயரை மறைத்தது பிழைப்பைக் காப்பாற்றிக்கொள்ள. உங்கள் பெயரை மறைக்க அப்படி என்ன அவசியம்? பெட்டியில் ஒட்டும் சீட்டில் மூன்று பேர் பெயரும் இருக்கட்டும், சமைத்தது யார் என்பதும் சேர்த்து.

உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. கில்மோருக்கும் நீதிமன்றத்தில் பேச வேண்டிய நாள் ஒன்று வந்தது. 1956-இல், போராட்டத்துக்குத் தலைமை தாங்கிய மார்ட்டின் லூதர் கிங் மீது நடந்த விசாரணையில் சாட்சிக் கூண்டில் ஏறினார். காசை வாங்கிக்கொண்ட பேருந்து ஓட்டுநர், இறங்கிப் போய்ப் பின்வாசல் வழியாக ஏறச் சொல்லிவிட்டு, அவரை விட்டுவிட்டே வண்டியை எடுத்துப் போன கதையைச் சொன்னார். தனக்கு நடந்ததைத்தான் சொன்னார். அதற்கே வேலை போயிற்று. கிங் தந்த ஊக்கத்தில் வீட்டிலேயே சாப்பாடு சமைத்து விற்க ஆரம்பித்தார், கிங்கே அங்கே சாப்பிட்டிருக்கிறார்.

ஆகவே ஆர்டர் பிடிக்கிற வேலையைத் தோழியிடமே விட்டுவிடுங்கள். கூச்சத்தோடு நீங்கள் போன் போட்டால் வருகிற ஆர்டரும் ஓடிவிடும். ஆனால் பங்கு பிரிக்கிற இடத்தில் வாயைத் திறந்தே ஆக வேண்டும். அடுப்படியில் நிற்கிற நேரம் கணக்கில் ஏறுகிறதா, எரிவாயு யார் காசு, உங்களுக்கு உடம்பு முடியாத வாரம் என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். பேச்சு திக்கினால் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்ப் படியுங்கள், தப்பே இல்லை. தீபாவளி ஆர்டர் குவியும்முன் பேசிவிடுங்கள். அந்த நெருக்கடியில் எடுத்தால் சண்டையில்தான் முடியும்.