மாடியூல் 10ஐ மனப்பாடம் செய்தே தேறிவிடலாமா?

கேள்வி கேட்டவர் பாலிடெக்னிக் முடித்துவிட்டு சிங்கப்பூரின் சிலேத்தாரில் ஒரு ஹேங்கரில், அதாவது விமானப் பராமரிப்புக் கூடத்தில், டெக்னீஷியனாகச் சேரப் போகிறாராம். விமானப் பராமரிப்பு எஞ்சினியர் உரிமத் தேர்வில் வரும் 'ஏவியேஷன் லெஜிஸ்லேஷன்' (விமானத்துறைச் சட்டவிதிகள்) பாடத்தை, அதாவது மாடியூல் 10ஐ, மனப்பாடம் செய்தால் போதுமா என்கிறார்.

தேறுவதற்குப் போதும். நானும் அப்படித்தான் தேறினேன். பெரும்பாலும் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள்தான், 75 விழுக்காடு எடுத்தால் பாஸ். எஸ்ஏஆர் என்பது சிங்கப்பூரின் விமானத் தகுதி விதிகள். அதில் எஸ்ஏஆர்-66 என்றால் ஆளுக்கு உரிமம், 145 என்றால் பராமரிப்பு நிறுவனத்துக்கு அங்கீகாரம், 147 என்றால் பயிற்சிப் பள்ளிக்கு. ஐ.நா.வின் விமானத்துறை அமைப்பான ஐசிஏஓவின் 8ஆம் இணைப்பு பறக்கும் தகுதி, 19ஆம் இணைப்பு பாதுகாப்பு மேலாண்மை. பஸ்ஸில் உட்கார்ந்து வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தேன். பாஸ் செய்து ஒரு வருஷம் ஆன பிறகும் இதெல்லாம் எதற்கு என்று எனக்குத் தெரியாது.

தெரிய வைத்தது ஒரு தீபாவளிக்கு முந்தைய இரவு. ஷிஃப்ட் முடிந்ததும் தேக்காவில் பூவும் வெற்றிலையும் வாங்கி வரச் சொல்லியிருந்தார் அம்மா. எங்கள் கருவிப் பெட்டியில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் வடிவத்திலேயே ஸ்பாஞ்சில் பள்ளம் வெட்டியிருக்கும். ஒன்று குறைந்தால் பல் விழுந்த வாய் போலத் தெரியும். அன்று குறைந்தது ஒரு ஸ்க்ரூடிரைவர் பிட், சுண்டுவிரலில் பாதி நீளம். இறக்கையில் நான் மூடிய பேனல்கள் பதினொன்று.

"கீழே எங்கேயாவது விழுந்திருக்கும் அண்ணே" என்றேன்.

"விழுந்திருக்கும்னு நீ கையெழுத்துப் போடுவியா தம்பி? நான் போடமாட்டேன்" என்றார், வேலை சரியாக முடிந்தது என்று கையெழுத்துப் போட வேண்டிய எங்கள் லைசென்ஸ்டு எஞ்சினியர்.

பதினொன்றையும் திறந்தோம். கடைசியில் பிட் கிடைத்தது என் ஓவராலின் கால்மடிப்பில். அவர் திட்டவில்லை. விமானத்துக்குள் இல்லை என்று உறுதியான பிறகுதான் பேனாவை எடுத்தார். பூ வாங்கப் போனபோது விடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது. வீட்டில் வாங்கிய திட்டு தனிக்கதை.

யார், எதைப் பார்த்து, எந்த வேலைக்குக் கையெழுத்துப் போடலாம்: அந்தப் பாடத்தில் பாதி இதுதான். அதனால் விதியைத் தனியாகப் படிக்காதீர்கள், அதை உணர்த்தும் விபத்தோடு சேர்த்துப் படியுங்கள். 1990 ஜூன் 10 அன்று பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390இல், விமானம் 17,000 அடியைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தபோது கேப்டன் பக்கக் கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. கேப்டனின் பாதி உடம்பு வெளியே. சிப்பந்திகள் அவரைப் பிடித்துக்கொண்டே இருக்க, துணை விமானி சவுத்தாம்ப்டனில் இறக்கினார். கேப்டன் பிழைத்துவிட்டார். அந்தக் கண்ணாடியை முந்தைய நாள் விடியற்காலையில்தான் மாற்றியிருந்தார்கள். 90 போல்ட்டுகளில் 84 விட்டம் குறைந்தவை, வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. மாற்றியவர் அனுபவசாலி. பாகப் பட்டியலைப் புரட்டாமல், மங்கிய வெளிச்சத்தில் பழைய போல்ட்டோடு ஒப்பிட்டு எடுத்திருக்கிறார். இரண்டாவது ஆள் சரிபார்க்க வேண்டும் என்ற கட்டாயம் அந்த வேலைக்கு அப்போது இல்லை. இதைப் படித்த பிறகு 'அங்கீகரிக்கப்பட்ட பராமரிப்புத் தரவு' (பார்த்து வேலை செய்ய வேண்டிய கையேடு, பாகப் பட்டியல் போன்றவை) என்ற வறண்ட சொல் எனக்கு மறந்ததே இல்லை. மாடியூல் 9, மனிதக் காரணிகள், அதாவது மனிதர்கள் ஏன் தவறு செய்கிறார்கள் என்ற பாடம், இதற்கு ஒட்டிப் பிறந்த தம்பி. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள்.

வாட்ஸ்அப்பில் கைமாறும் கேள்வித் தொகுப்புகளைப் பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சிலவற்றில் விடையே தப்பு. சிங்கப்பூர் ஏவியேஷன் அகாடமியில் சேரலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். 1958இல் தொடங்கிய அது சிங்கப்பூர் சிவில் விமானத்துறை ஆணையமான சிஏஏஎஸ்ஸின் பயிற்சிப் பிரிவு, பல நாட்டு விமானத்துறை அதிகாரிகள் வந்து படிக்கும் இடம். உங்களுக்கு வேண்டியது 147 அங்கீகாரம் உள்ள பள்ளி. உரிமம் கையில் வந்தாலும் உடனே கையெழுத்துப் போட முடியாது. விமான வகைப் பயிற்சி, அப்புறம் நிறுவனம் கொடுக்கும் அங்கீகாரம் என்று இன்னும் படிகள் இருக்கின்றன.

சேர்ந்த முதல் வாரம் ஒரு வேலை செய்யுங்கள். போல்ட்டைக் குறிப்பிட்ட அளவு இறுக்குவதற்குக் கையில் கொடுக்கும் டார்க் ரெஞ்சில், அதன் அளவை எந்தத் தேதிக்குள் மறுபடி சரிபார்க்க வேண்டும் என்று காட்டும் கேலிபரேஷன் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். தேதி தாண்டியிருந்தால் என்ன செய்வது, யாரிடம் சொல்வது என்று உங்கள் சீனியரிடம் கேளுங்கள். அவர் சொல்வதை 145இல் தேடிப் பாருங்கள்.