பெங்கால் சேர்ந்த துறைமுகம் குறித்த தங்கள் ஐயத்திற்கு

வணக்கம். 1942 நவம்பரில் எச்.எம்.ஐ.எஸ். பெங்கால் என்னும் இந்தியப் போர்க்கப்பலில் இந்தியப் பெருங்கடல் தீவான டியேகோ கார்சியா வந்தடைந்ததாகத் தங்கள் தாத்தா எழுதியிருப்பதும், தாங்கள் படித்த கட்டுரை ஆஸ்திரேலியத் துறைமுகமான ஃப்ரீமாண்டில் என்று கூறுவதும் முரண்பாடல்ல; அவை இரு வேறு கப்பல்களின் பயணங்கள்.

ஆஸ்திரேலியாவில் கட்டப்பட்டு அவ்வாண்டில்தான் இந்தியக் கடற்படையில் சேர்ந்த பெங்கால், ஒண்டினா என்னும் டச்சு எண்ணெய்க் கப்பலுக்குக் காவலாக ஃப்ரீமாண்டிலிலிருந்து புறப்பட்டது. நவம்பர் 11 அன்று கோகோஸ் தீவுகளுக்குத் தென்மேற்கே ஹோகோகு மாரு, ஐகோகு மாரு என்ற இரு பெரிய ஜப்பானியக் கப்பல்கள் எதிர்ப்பட்டபோது, 12 பவுண்டர் எனப்படும் ஒரேயொரு சிறு பீரங்கியைத் துணைகொண்டு பெங்கால் அவற்றை நோக்கியே விரைந்தது. ஹோகோகு மாரு வெடித்து மூழ்கியது. அதை வீழ்த்திய குண்டு எவருடையது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஒண்டினாவின் 4 அங்குலப் பீரங்கியே காரணம் என்பதையே நான் ஏற்கிறேன். குண்டுகள் தீர்ந்துகொண்டிருந்த நிலையில், ஒண்டினா தப்பியிராது என்றெண்ணி விலகிய பெங்கால் டியேகோ கார்சியா சேர்ந்தது. மாலுமிகள் கைவிட்டு இறங்கி, எதிரி அகன்றபின் மீண்டும் ஏறிச் செலுத்திய ஒண்டினாதான் ஃப்ரீமாண்டில் திரும்பியது.

தாத்தாவின் பணிப்பதிவேடு கிடைத்தால், அம்மாதத்திற்குரிய கப்பலின் பெயரை மட்டும் சரிபாருங்கள்.