சுகர் ஜீன் மூளையிலும் வேலை செய்கிறதாமே, எந்த இடத்தில்? அப்படியானால் சுகர் மனசு சம்பந்தப்பட்டதா?

முதல் கேள்விக்கு ஆமாம், இரண்டாவதற்கு இல்லை. நீங்கள் கேட்கிற விதத்தைப் பார்த்தால், உங்கள் வீட்டிலும் யாரோ ஜீன் டெஸ்ட் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவரை நோகடித்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது.

நீங்கள் சொல்வது டிசிஎஃப்7எல்2 என்கிற ஜீனாகத்தான் இருக்கும். டைப் 2 சுகரோடு அதற்குள்ள தொடர்பை 2006-ல் ஐஸ்லாந்தில் கண்டுபிடித்தார்கள், அடுத்த வருடமே சென்னைக்காரர்களிடமும் அதே தொடர்பு இருப்பதாக இங்கிருந்தே ஆய்வு வந்தது. எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்காக எலி மூளையை மெல்லிசாகச் சீவி இந்த ஜீனின் புரதத்துக்குச் சாயம் ஏற்றிப் பார்த்தவன் நான். மைக்ரோஸ்கோப்பில் மூளையின் நடுவே இருக்கும் தலாமஸ் இரண்டு பக்கமும் டிகாக்‌ஷன் நிறத்தில் தெரிந்தது, அதன் மேலே ஒட்டியிருக்கும் ஹேபெனுலா என்கிற சின்னப் பகுதி இன்னும் அடர்த்தி, வெளிப்புறக் கார்டெக்ஸ் ஏறக்குறைய வெறுமை. பசியைக் கவனிக்கும் ஹைப்போதலாமஸில்தான் கொட்டிக் கிடக்கும் என்று நினைத்திருந்தேன், தலாமஸ் அளவுக்கு அங்கே ஒன்றுமில்லை.

போன தீபாவளிக்கு முன்னால் அண்ணன் அப்பாவுக்கு இந்த டெஸ்ட் எடுக்க வைத்தான். லேபிலிருந்து போனில் பேசியவர், "இந்த ஜீன் மூளையில வேலை செய்யுது சார், மனசு வெச்சா கன்ட்ரோல் பண்ணிடலாம்" என்றார். அத்தைக்கு அது போதுமாக இருந்தது. "அவனுக்குச் சாப்பாட்டுல எப்பவும் நாக்கு நீளம்" என்று அப்பாவைப் பற்றி எல்லார் முன்னாலும் சொன்னார். அப்பாவுக்கு 71 வயது, 22 வருடமாகச் சுகர், ஒரு வேளை மாத்திரை தவறியதில்லை. தீபாவளி அன்று அம்மா வைத்த பாதி அதிரசத்தைத் தட்டோரம் ஒதுக்கிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். அம்மாவுக்கு அதை எடுத்துப் போட மனசு வரவில்லை, சாயங்காலம் வரை எறும்பு மொய்த்தபடி கிடந்தது.

ஒரே ஜீன் இடத்துக்கு இடம் வேறு வேலை செய்யும். சுகர் விஷயத்தில் அதன் முக்கியமான இடம் கணையம், இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள். தலாமஸ் கண்ணும் காதும் தோலும் அனுப்பும் செய்தியைக் கடத்திவிடுகிற இடம், அதில் மன உறுதி எங்கே வந்தது? உடனே யாராவது 2019 நியூயார்க் ஆய்வைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். சரி, அதையும் படித்திருக்கிறேன். நிகோடின் ஹேபெனுலாவைத் தூண்டினால் அந்தச் செய்தி கணையம் வரை போய் ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது, அதற்கு இந்த ஜீன் வேண்டும் என்று எலிகளில் காட்டினார்கள். அது புகையிலை சமாச்சாரம், அப்பா பீடியைத் தொட்டவரே இல்லை. சாப்பாட்டில் கட்டுப்பாடு வேண்டாம் என்று நான் சொன்னதாகத் திரிக்க வேண்டாம், வேண்டும்தான்.

அப்புறம் "தினமும் நடங்க" என்று உபதேசம் செய்கிறவர்கள் எங்கள் பெரம்பூர் தெருவுக்கு வந்து நடந்து காட்டட்டும். பிளாட்பாரம் பூரா பைக், மிச்ச இடத்தில் மூடி உடைந்த மழைநீர் வடிகால். தண்ணீர் லாரி வருவதற்குள் முடிக்க வேண்டும் என்று அப்பா விடியற்காலை 5 மணிக்கு நடுரோட்டில் நடக்கிறார்.

அந்தப் பழைய ஸ்லைடின் போட்டோவை அவரிடம் காட்டி, எது எது என்று சொன்னேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இதை உங்க அத்தைக்கு அனுப்புடா" என்றார். அன்றைக்கே அனுப்பிவிட்டேன்.