மணி முள் மட்டும் போதும்

வணக்கம். என் மகளுக்கு நாலரை வயது, எல்.கே.ஜி. படிக்கிறாள். பொம்மைக் கடிகாரம் வாங்கி ஒரு மாதமாக மணி பார்க்கச் சொல்லித் தருகிறேன். 1 முதல் 12 வரை தடுமாறாமல் படிக்கிறாள். ஏழரைக்குக் கேட்டால் 'ஆறு மணி' என்கிறாள். காலையில் வேன் வருவதற்குள் ஒவ்வொன்றுக்கும் கத்த வேண்டியிருக்கிறது. எங்கே தவறுகிறேன்?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

குழந்தை சரியாகத்தான் படிக்கிறாள். ஏழரைக்குப் பெரிய முள் 6-இல் நிற்கிறது, கண்ணில் படுவதும் அதுதான். அதே 6-ஐ முப்பது என்று படிக்க ஐந்தாம் வாய்பாடு வேண்டும். அதற்கு இன்னும் இரண்டு மூன்று வருடம் இருக்கிறது.

பொம்மைக் கடிகாரத்தை எடுத்து வைத்துவிடுங்கள். பெரும்பாலானவற்றில் இரண்டு முள்ளும் தனித்தனியாகச் சுற்றும். ஏழரை வைத்தால் சின்ன முள் 7-இலேயே நிற்கும். சுவர்க் கடிகாரத்திலோ அது 7-க்கும் 8-க்கும் நடுவில் இருக்கும். பிள்ளை எதை நம்புவாள்?

எண்கள் பெரிதாக உள்ள, பேட்டரியில் ஓடும் விலை குறைந்த சுவர்க் கடிகாரம் ஒன்று வாங்குங்கள். பின்பக்கத் திருகைக் கழற்றிக் கண்ணாடியை எடுங்கள். நொடி முள்ளையும் நிமிட முள்ளையும் நேராக மேல்நோக்கி இழுத்தால் வந்துவிடும். பக்கவாட்டில் நெம்பினால் தண்டு வளையும். சிலவற்றில் நிமிட முள்மேல் சிறு நட்டு இருக்கும், அதை முதலில் கழற்றுங்கள். மணி முள் மட்டும் ஓடட்டும். பின்னாலுள்ள திருகியைச் சுற்றி, சரியாக மணி அடிக்கும் நேரத்தில் முள்ளை எண்ணுக்கு நேராக வையுங்கள். குழந்தையின் கண் உயரத்தில் மாட்டுங்கள்.

இங்கே தமிழ் நமக்குப் பெரிய துணை. ஏழேகால், ஏழரை, ஏழேமுக்கால்: மணி முள் 7-ஐத் தாண்டி எவ்வளவு தூரம் வந்திருக்கிறதோ அதையே சொல்கிறோம். ஆங்கிலத்தில் 7:45-க்கு 'குவார்ட்டர் டு எய்ட்' என்பார்கள். முள் இன்னும் தொடாத எட்டைப் பிள்ளை சொல்ல வேண்டும். பள்ளியில் எப்படிச் சொன்னாலும் வீட்டில் தமிழிலேயே தொடங்குங்கள். தோசையை நாலாகப் பிய்த்து, 'கால் தோசை சாப்பிட்டாச்சு, அரை ஆச்சு, முக்கால் ஆச்சு' என்று ஊட்டியிருந்தால் பாதி வேலை முடிந்தது.

தினமும் ஒரே நேரத்தில் நடக்கிற நாலு வேலைகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: பல் துலக்குவது 7, வேன் எட்டரை, விளையாட்டு 5, படுக்கை எட்டரை. ஒவ்வொன்றுக்கும் சின்னப் படம் வரைந்து விளிம்பில் ஒட்டுங்கள். வேனும் படுக்கையும் ஒரே இடத்தில் வருவதைக் கவனித்தீர்களா? குழம்புவது இங்கேதான். பகல் படங்களை மஞ்சள் தாளில் எண்களுக்கு வெளியேயும், இரவுப் படத்தை நீலத் தாளில் எண்களுக்கு உள்ளேயும் ஒட்டுங்கள். நேரம் மாறுகிற குளியலை ஒட்ட வேண்டாம். ஒருநாள் பொய்த்தாலும் மற்ற படங்கள் மேலும் நம்பிக்கை போய்விடும்.

'மணி என்ன, சொல்லு' என்று பரீட்சை வைக்காதீர்கள். வேலை தொடங்கும் அந்த நொடியில் நீங்களே சொல்லுங்கள்: 'முள் பல் பிரஷ்கிட்ட வந்துடுச்சு, ஏழு மணி.' சில வாரங்களில் அவளே வந்து சொல்வாள். கத்துவதும் குறையும், கிளம்பச் சொல்வது அம்மா இல்லை, முள்.

இன்னொன்று, இதைத் தயவுசெய்து கவனியுங்கள். 'அஞ்சு நிமிஷத்துல வரேன்' என்று அரை மணி கழித்து வந்தால், குழந்தைக்கு ஐந்து நிமிடம் என்பதற்கு அளவே இல்லாமல் போகிறது. சொன்னால் போனில் டைமர் வையுங்கள், அடித்ததும் போய் நில்லுங்கள்.

கழற்றிய முள்களை ஒரு கவரில் போட்டுக் கடிகாரத்தின் பின்னால் ஒட்டிவையுங்கள். காலும் முக்காலும் சரளமாகி, ஐந்தைந்தாக அறுபது வரை எண்ண வந்ததும் நிமிட முள்ளை அழுத்தி மாட்டி, திருகியால் 12-க்குக் கொண்டுவாருங்கள். மணி முள்ளை விரலால் மெல்லத் தள்ளி எண்ணுக்கு நேராக்குங்கள். இதைச் செய்யும்போது அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.